கூரை கழன்ற ஹெரால்டு

மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் எங்கள் தெரு. எங்கள் வீட்டை ஒட்டி 30 அடி அகலத்தில் ஒரு காலி மனை. உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார். சீமைக்கருவேலத்தை வெட்டிச் சுத்தமாக வைத்துக்கொள்வோம் என்ற பேச்சில் எங்களுக்கு அதைப் பயன்படுத்த விட்டிருக்கிறார். அங்கே இரண்டு வருடமாக நீலத் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு கார் நிற்கிறது. பால்காரர் முதல் மின் கணக்கு எடுக்க வருபவர் வரை எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "இது ஓடுமா?"

ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு. கூரை இல்லை. 45,000 ரூபாய் கொடுத்து, டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். வந்த அன்று அம்மா வாசலிலேயே நின்று பார்த்தார். "பேரீச்சம்பழக்காரன்கிட்ட போட வேண்டியத காசு குடுத்து வாங்கியாந்திருக்கீங்களேடா" என்றார்.

அம்மா சொன்னதில் தப்பில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகியபோது இந்தக் காரும் ஒரு ஷெட்டுக்குள் முழுகிக் கிடந்தது. வெள்ளம் வடிந்த பிறகும் யாரும் அதைத் தொடவில்லை. நாங்கள் வாங்கும்போது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தரையே இல்லை, புல் தெரிந்தது.

இந்தப் பத்தியில் வழக்கமாகப் பஞ்சமி நிலம், இரட்டைக் குவளை, நின்றுபோன உதவித்தொகை என்று எழுதுவோம். இந்த வாரம் ஒரு துருப்பிடித்த கார். தலித் பத்தியில் காருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

வண்டலூரில் பிறந்த வண்டி

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு ரயிலில் போகும் மாணவர்கள் பெருங்களத்தூர் தாண்டும்போது ஜன்னல் வழியே உயரமான அலுவலகக் கட்டடங்களைப் பார்த்திருப்பார்கள். அந்த வட்டாரத்தில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொழிற்சாலை இருந்தது. நாடு விடுதலையடைந்த கையோடு தொடங்கிய நிறுவனம். முதலில் வான்கார்டு காரைப் பூட்டினார்கள். 1961இல் ஹெரால்டு வந்தது. கல்கத்தா பக்கம் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், மெட்ராசில் ஹெரால்டு. ஒரு தலைமுறை இந்தியர்கள் கார் என்று கண்டது பெரும்பாலும் இந்த மூன்றைத்தான்.

இதன் மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு, 1959இல் வெளிவந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. அந்தக் காலத்தில் பல நிறுவனங்கள் காரின் உடம்பையும் எலும்பையும் ஒன்றாக வார்த்த மாதிரி ஒரே கூடாகச் செய்யத் தொடங்கியிருந்தன. ஹெரால்டில் அப்படி இல்லை. கீழே தனியாக ஒரு சேசிஸ். அதன் மேல் பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். கூரை தனித் துண்டு. போல்ட்டுகளைக் கழற்றினால் கூரை தனியாக வந்துவிடும். இங்கிலாந்தில் 1960இலேயே திறந்த மாடலும் விற்றார்கள்.

மெக்கானிக் வேலை பழக நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. முன்பக்க பானட், மட்கார்டுகளோடு சேர்ந்து முழுசாக முன்னால் சாயும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை செய்யலாம். இன்றைய காரில் ஒரு பல்பு மாற்ற பம்பரைக் கழற்றச் சொல்கிறார்கள்!

1968இல் நான்கு கதவு ஹெரால்டு இங்கேயே உருவானது. 1970களில் கெஸல். 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்தது, எடுபடவில்லை. 80களின் முடிவில் தொழிற்சாலை மூடப்பட்டது. வண்டலூர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு உயிரியல் பூங்கா மட்டும்தான்.

எங்கள் வண்டி 1968க்கு முந்தையது. அதன் கூரையை யாரோ முன்னமே கழற்றியிருந்தார்கள். விற்றவர் காரணம் சொன்னார்: "கல்யாண ஊர்வலத்துக்கு விட்டுட்டு இருந்தோம்."

அந்த வார்த்தைக்காகத்தான் வாங்கினோம்.

திரும்பிப் போன கார்

எங்கள் அப்பா 1978இல் கல்யாணம் செய்தார். அம்மாவின் ஊர் மதுராந்தகம் பக்கம். அப்பா அப்போது மெட்ராசில் ஒரு பட்டறையில் கார் பெயிண்டர். பெயிண்டர் என்றால் ஸ்பிரே துப்பாக்கி பிடிப்பவர் என்று நினைக்க வேண்டாம். முதல் ஆறு வருடம் பழைய பெயிண்டைச் சுரண்டுவதும், பட்டி தேய்ப்பதும், தண்ணீர்த்தாள் போட்டு இழைப்பதும்தான் வேலை. விரல் ரேகை தேய்ந்துபோகும். பிற்காலத்தில் அப்பாவுக்கு ஆதார் எடுக்கப் போனபோது கைரேகை விழாமல் மூன்று தடவை அலைந்தோம். அந்தப் பட்டறையில் தூசு பறக்கிற வேலையெல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு. பில் எழுதும் மேசை வேறு ஆட்களுக்கு. தண்ணீர் குடிக்கத் தனி டம்ளர் வைத்திருந்ததை அப்பா ஒரு தகவல் மாதிரித்தான் சொல்வார், கோபமாகச் சொல்ல மாட்டார்.

பணக்கார வீட்டுத் திறந்த கார்கள் எத்தனையோ அவர் கையில் பளபளத்துப் போயின. தன் கல்யாணத்துக்கும் அப்படி ஒரு காரில் போக ஆசைப்பட்டார். தெரிந்தவர் மூலம் கூரை மடக்குகிற கார் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பூ சுற்றி, பெட்ரோமாக்ஸ் விளக்கோடு கிளம்பினார்கள். காலனிக்குப் போக ஊர்த் தெரு வழியாகத்தான் பாதை. தெரு முனையில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அடி விழவில்லை, கல் விழவில்லை. "கார் இதுக்கு மேல போவாது" என்றார்கள், அவ்வளவுதான். டிரைவர் யார் பக்கமும் பேசாமல் வண்டியைத் திருப்பினார். அப்பா மாலையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வரப்பு வழியாக நடந்து காலனிக்குப் போனார். காலனியில் வாசலில் காத்திருந்த அம்மா, காரையே பார்க்கவில்லை.

இதை எங்களிடம் சொன்னது சித்தப்பா. அப்பா இன்றுவரை சொன்னதில்லை.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள வழக்கு பழையது. 1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி சொந்தமாக வில்வண்டியும் காளையும் வாங்கி, தலைப்பாகையோடு பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். அதுவே ஒரு போராட்டமாக இருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1901இல், சிறுவனாக, அப்பாவைப் பார்க்கப் போன வழியில், மாட்டு வண்டிக்காரர் தீண்டாதாரை ஏற்ற மறுத்தார். இரட்டைக் கூலி கொடுத்தும், பிள்ளைகளே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் கூட நடந்து வந்தார். 1929இல் அவர் பாரிஸ்டர். சாலிஸ்கான் ரயில் நிலையத்தில் இறங்கியவரை ஏற்றிப் போக எந்தக் குதிரை வண்டிக்காரரும் முன்வரவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்ட, பாலத்தில் சக்கரம் மாட்டி, அண்ணல் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தன் நினைவுக் குறிப்பில் இதை எழுதியிருக்கிறார்.

நம் செங்கல்பட்டு மண்ணின் கோழியாளத்தில் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன், 1924இல் சென்னை சட்டமன்றத்தில் பொதுச்சாலையும் தெருவும் கிணறும் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்தார். பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜாவும் அதே மன்றத்தில் நமக்காகப் பேசியவர். தீர்மானத்துக்கும் அப்பாவின் கல்யாணத்துக்கும் இடையே 54 வருடம்.

இதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்பவர்களுக்கு: 2018இல் உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் ஒரு தலித் மாப்பிள்ளை, நீதிமன்றம் வரை போய், போலீஸ் காவலோடுதான் கிராமத்துக்குள் ஊர்வலம் போக முடிந்தது. 2025 பிப்ரவரியில் நம் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டியதற்காகவே கல்லூரி மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள் என்று அவருடைய குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள்.

துருவைத் தின்ற இரண்டு வருடம்

வேலைக்கு வருவோம். நாங்கள் என்றால் அண்ணன், தம்பி, அக்கா மகள். ஞாயிற்றுக்கிழமை மட்டும். முதல் மூன்று மாதம் அப்பா பக்கத்திலேயே வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது போல் பாவனை.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. 948 சி.சி., நாலு சிலிண்டர். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி விட்டோம். தினமும் ஒரு தடவை புல்லியில் ஸ்பேனர் போட்டு மெதுவாக அசைக்க வேண்டும். அவசரப்பட்டு முழு பலத்தையும் கொடுத்தால் ரிங் உடையும். பத்தொன்பதாவது நாள் ஒரு நூலளவு நகர்ந்தது. அன்று வீட்டில் பிரியாணி.

எஞ்சினை விட துருதான் எதிரி. இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் அது நடக்காது, ஓடும். ஹெரால்டில் துரு முதலில் தின்பது சேசிஸிலிருந்து பக்கவாட்டில் கை மாதிரி நீளும் தாங்கிகளை. பாடியின் ஓரம் உட்காருவது அதன் மேல்தான். அவை போனால் கதவு தொங்கும். எங்கள் வண்டியில் சுத்தியலால் தட்டிப் பார்த்தபோது பாதி இடத்தில் 'டங்' என்று கேட்கவில்லை, 'பொத்' என்றது. பொத் கேட்ட இடமெல்லாம் வெட்டி எறிய வேண்டிய இடம்.

இங்கே ஒரு தவறு செய்தோம். தரைத் தகட்டை வெட்டுவதற்கு முன் இரண்டு கதவு வாசலுக்கும் குறுக்கே ஆங்கிள் வைத்து முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கூரை இல்லாத வண்டி. தரையையும் வெட்டினால் பாடி நடுவில் மடங்கும். வெட்டி முடித்து இடப்பக்கக் கதவைச் சாத்தினால், சாத்தவே முடியவில்லை. அரை அங்குலம் இறங்கிவிட்டது.

அன்றுதான் அப்பா திண்ணையை விட்டு இறங்கி வந்தார். கதவைப் பார்த்தார். அக்கா மகளைப் பார்த்து, "பாப்பா, ஜாக்கி எடுத்தா" என்றார். எங்களிடம் பேசவில்லை. ஜாக்கியை நடுவில் வைத்து மூச்சு மூச்சாக ஏற்றி, இடைவெளியை விரலால் தடவித் தடவி, முட்டு வைத்துப் பற்றவைக்கச் சொன்னார். அரை நாள் ஆனது. கதவு 'டக்' என்று சாத்திக்கொண்டது.

பற்றவைத்தது அக்கா மகள். அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு படிக்கிறாள். அவள் வகுப்பில் பெண் பிள்ளைகள் இரண்டே பேர். "மாமா, தகடு மெலிசு, ஒரே கோடா இழுக்கக் கூடாது. சூட்டுல வளைஞ்சிரும். இங்க ஒரு பொட்டு, அங்க ஒரு பொட்டு வெக்கணும்" என்று எங்களுக்குப் பாடம் எடுத்தாள். புதுத் தகட்டை அட்டையில் வெட்டிய மாதிரியை வைத்து வெட்டினோம். துரு மேலோட்டமாக இருந்த இடங்களில் கம்பி பிரஷ், அப்புறம் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி, கழுவி உடனே காயவைத்து ரெட் ஆக்சைடு. காயவைக்காமல் ஒரு ராத்திரி விட்டால் மறுபடி முதலிலிருந்து.

படித்துவிட்டு இதில் இறங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். தண்ணீர் விட்டுத் தேயுங்கள், முகமூடி போடுங்கள். பெட்ரோல் டேங்க் எத்தனை வருடம் காலியாகக் கிடந்தாலும் பற்றவைக்கத் தீயைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். அப்பா முப்பது வருடம் கைக்குட்டைகூடக் கட்டாமல் வேலை செய்தார். மார்கழியில் அவர் இருமும் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

வெல்டர் பிரிவுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், ஒரு வருடப் படிப்பு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ. படிப்புக்கும் உண்டு. முடித்துவிட்டுச் சொந்தப் பட்டறை போட நினைப்பவர்கள் மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் மானியக் கடன் பற்றிக் கேளுங்கள். பட்டறையில் பில் எழுதும் மேசையும் நமக்கு வேண்டுமல்லவா.

உதிரி பாகம் தேடுவது தனிக் கதை. புதுப்பேட்டையில் பிரேக் சிலிண்டருக்கு ரப்பர் கிடைத்தது. கதவுக் கைப்பிடி பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில், ஒரு பழைய தையல் மிஷினுக்கும் உடைந்த கிராமபோனுக்கும் நடுவே கிடந்தது. இருக்கைக்குத் தோல் போட வேண்டும் என்றார் அண்ணன். குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. எங்கள் தாத்தா அந்த வட்டாரத்தில் தோல் ஊறவைக்கும் தொட்டியில் நின்றவர். "அந்த வாடை என் வண்டியில வேணாம்" என்றார் அப்பா. 'என் வண்டி' என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. ரெக்சின் போட்டோம். ஷேர் ஆட்டோவுக்கு டாப் தைக்கும் கடைக்காரர் தைத்துக் கொடுத்தார்.

சட்டம் கேட்கும் கூரை

ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்காமல் பழைய வண்டி வாங்காதீர்கள். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் அம்மா சொன்ன பேரீச்சம்பழம்தான். எங்களுடையது ஒத்துப்போனது. ஆனால் அதில் 'சலூன்' என்று எழுதியிருந்தது. அதாவது கூரையுள்ள கார்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய, சேசிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு எடுத்துப் போகலாம். அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது.

வீட்டில் பெரிய வாக்குவாதம். திறந்த காருக்காகத்தானே வாங்கினோம் என்றார் அண்ணன். சட்டத்தை வைத்துத்தான் நாம் தெருவில் நடக்கிறோம், அதை நாமே மீறினால் நாளைக்கு எந்த வாயால் பேசுவது என்றான் தம்பி. அப்பா பட்டி தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "கூரை தேடுங்கடா" என்றார்.

ஏழு மாதம் தேடினோம். சந்தையில் பழகிய இரும்பு வியாபாரி ஒருவர், பின்பக்கம் நசுங்கிய ஹெரால்டு ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த கூரையைக் காட்டினார். அதன் மேல் கோழிகள் அடைந்துகொண்டிருந்தன. போல்ட் ஓட்டைகள் எங்கள் வண்டியோடு சரியாகப் பொருந்தின. கூரை இப்போது ரெட் ஆக்சைடு பூசிச் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. அடுத்த மாதம் மாட்டுவோம். பதிவுக்குப் போகும்போது கார் கூரையோடுதான் போகும்.

போன ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் நின்று நிதானமாக ஓடியது. பிரேக் பிடித்தது. கூரை மாட்டுவதற்கு முன் ஒரு காரியம் மீதி இருந்தது. அக்கா சாமந்தி இரண்டு முழம் வாங்கி வந்து பானட்டில் கட்டினாள். அம்மா, "வயசான காலத்துல இன்னாத்துக்கு இது" என்று நான்கு தடவை மறுத்துவிட்டு, உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார். அப்பா சட்டையில் பட்டித் தூள் அப்படியே இருந்தது. இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

ஓட்டியது அக்கா மகள். ஹெரால்டுக்கு ஒரு பெருமை உண்டு: ஏறக்குறைய 25 அடி விட்டத்தில் முழு வட்டம் அடித்துவிடும். 30 அடி மனை போதும். சாலைக்குப் போகவே வேண்டாம். முதல் சுற்றில் வண்டி குலுங்கியது. இரண்டாவதில் தெருப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். மூன்றாவதில் அம்மா முன்சீட்டின் முதுகைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வண்டி நின்றது. அம்மா இறங்கவில்லை. அப்பா இறங்கி, இடப்பக்க மட்கார்டின் மேல் விரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றது. குனிந்து பார்த்தார்.

"இங்க ஊசிக்கண் ஓட்ட ஒண்ணு இருக்குது பாரு. நாளைக்கு 400 நம்பர் தண்ணித்தாள் ரெண்டு வாங்கியா" என்றார்.